எட்டு என்று கேட்டது

“கார்டத் திருப்பிப் பையில வச்சுட்டியேப்பா, அப்ப அந்த அண்ணன் மறுபடி ஆட வரலாம்ல?”

சண்முகப்பிரியா ஒன்பது வயதில் கேட்ட கேள்வி அது. அரியலூரில் அப்பா நடுவராக இருந்த பொங்கல் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் முடிந்து, அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வீடு திரும்பும்போது கேட்டாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போய் முடிகிறவரை காலை ஊன்றி நின்றவர், கேட்டைத் திறந்த பிறகும் அப்படியே நின்றார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் மிதிக்கத் தொடங்கினார்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை விடியலில், அதே அப்பாவின் நாடிக்கட்டை அவள் சரிசெய்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட துணி, பெரம்பலூரிலிருந்து ஆம்புலன்சில் வருகிற வழியில் தளர்ந்துபோயிருந்தது. வாய் லேசாகத் திறந்து, இன்னும் ஏதோ சொல்ல வருகிறவர்போல அப்பா கட்டிலில் கிடந்தார். அம்மா ஜானகி பழைய வேட்டியின் கரையைக் கிழித்துக் கொடுத்தாள். அதைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள் சண்முகப்பிரியா.

“ரொம்ப இறுக்காதடி, வலிக்கப் போவுது” என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. “ஃப்ரீசர் பாக்ஸ் வந்துருச்சுக்கா” என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான் பரணிதரன். சித்தப்பா மகன், அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்கப்போகிறவன் அவன்தான்.

குட்டியானை வண்டியின் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் சண்முகப்பிரியாவுக்குக் கை நின்றுவிட்டது. விக்கிரமங்கலம் அமாவாசை. நாற்பது வயதிருக்கும். சாமியானா, நாற்காலி, பெரிய பாத்திரம், ஃப்ரீசர் பாக்ஸ் என்று சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் காரியத்துக்கு எது வேண்டுமென்றாலும் ஏற்றி வந்து இறக்குகிறவர். அமாவாசை என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘செவப்பட்டை’ என்றால் எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு வயதில் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியவர் கட்டிலில் கிடக்கிற அப்பா கலைவாணன்தான்.

அமாவாசை செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். பெட்டியை இறக்கி, ஒயரை மாட்டி, ஒரு கால் ஆடுவதைப் பார்த்து அதன் அடியில் பேப்பரை நான்காக மடித்து வைத்தார். பிறகு பரணிதரனைக் கால் பக்கம் பிடிக்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் தலையைத் தொங்கவிடாமல், பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல உள்ளங்கையில் ஏந்தித் தூக்கி உள்ளே கிடத்தினார்.

“தலைமாட்டுல வெளக்கு வைங்க. ஒயரு மேல படாம தள்ளி வைங்க” என்றார்.

சொல்ல வேண்டிய வார்த்தை சண்முகப்பிரியாவின் தொண்டைவரை வந்துவிட்டது. அம்மாவையும் பரணிதரனையும் தவிரக் கூடத்தில் வேறு யாரும் இல்லை.

“அண்ணே…”

“சொல்லுங்க தங்கச்சி.”

“ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

“இப்ப என்னாத்துக்குங்க அதெல்லாம். அம்மாவுக்கு மொதல்ல குடுங்க. ராத்திரிலேர்ந்து ஒன்னும் சாப்ட்டிருக்க மாட்டாங்க.”

அவர் போய்விட்டார். துக்க வீட்டில் யாரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. அவரும் சொல்லவில்லை. வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்கிறவரை அவள் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

*

மூன்று நாட்களுக்கு முன்பு, திங்கட்கிழமை மதியம், பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அப்பா ஆக்சிஜன் மூடியைக் கையால் விலக்கிவிட்டுப் பேசினார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

“பிரியா, அந்த பைனலு ஞாவகம் இருக்கா? விக்கிரமங்கலமும் சிறுவாச்சூரும் ஆடுனது?”

“இருக்குப்பா. பேசாதப்பா, மூடிய வச்சுக்க.”

“கேளு.”

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடியப் பத்து நிமிஷம் இருந்தது. பந்து சிறுவாச்சூர் கோலுக்குப் பக்கத்தில் போய்விட்டது. நடுவரான அப்பாவின் கண்ணும் பந்தோடு போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், மைதானத்தின் மறுபாதியில் சிறுவாச்சூர்ப் பையன் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரள்கிறான். கோட்டோரம் துணை நடுவர் தமிழரசன் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அப்பா அவரிடம் ஓடினார். சுற்றிலும் இரண்டாயிரம் பேர். மேளம், விசில், கூச்சல். தமிழரசன் கத்தினார்: “எட்டி ஒதச்சான் சார்! பந்தே இல்ல அங்க!”

அப்பாவின் காதில் விழுந்தது: “எட்டு ஒதச்சான் சார்!”

அதற்கு மேல் அப்பா நிற்கவில்லை. ஓடினார். எட்டாம் நம்பர் போட்டிருந்தவர் அமாவாசை. பந்து இல்லாத இடத்தில் ஆளை உதைத்தால் மஞ்சளுக்கு இடமில்லை, நேராகச் சிவப்புதான். காட்டினார்.

“ஆட்டம் முடிஞ்சு டீக்கடையில உக்காந்து ரிப்போட் எழுதறேன். நீ பக்கத்துல பன்னு தின்னுட்டு இருந்த. தமிழரசன் கேக்கறான், ‘அஞ்சாம் நம்பரு ஒதச்சதுக்கு எட்டாம் நம்பர ஏன் சார் வெளிய அனுப்புனீங்க? நான் எட்டின்னுதானே சொன்னேன்?’ன்னு. பேனா கையிலதாம்மா இருந்துச்சு. அஞ்சு நிமிசம். வேற பேப்பர்ல ஆளு மாறிப்போச்சுன்னு எழுதியிருந்தா அசோசியேசன்ல திருத்தியிருப்பாங்க.”

அவர் எழுதவில்லை. அடுத்த மாதம் மாநில நடுவர் தேர்வு இருந்தது. காதில் சரியாக வாங்காத நடுவர் என்று சிரிப்பார்களே என்று இருந்தது. எழுதியதை அப்படியே அனுப்பினார். அமாவாசைக்கு ஒரு வருஷம் தடை. திருச்சி விளையாட்டு விடுதிக்குப் போக இருந்த பட்டியலில் அவர் பெயரை அடித்தார்கள். அப்பாவுக்கு அந்த வருஷமே மாநில நடுவர் பேட்ஜ் கிடைத்தது.

“தமிழரசன் கொரோனாவுல போயிட்டான். ஒதச்சது அன்பழகன், அவங்க கேப்டன். அவன் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல. சொல்லிரலாம்னு நாலஞ்சு தடவ விக்கிரமங்கலம் பஸ் ஏறிப் போனேன். ஸ்டாண்டு பக்கத்துலயே அமாவாச வண்டி கழுவிட்டு நிப்பான். ஒரு டீயக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துருவேன்.”

“அவரக் கூப்ட்டு வரச் சொல்றேன். நீயே சொல்லிடுப்பா.”

அப்பா யோசித்தார். “நாளைக்கு” என்றார். மூடியை வைக்கப் போனவர் மறுபடி விலக்கி, “நாளைக்கு முடியலன்னா, என்னைத் தூக்கறதுக்குள்ள நீ அவன்கிட்ட சொல்லிடும்மா” என்றார்.

மறுநாள் வாயில் குழாய் போட்டுவிட்டார்கள். ‘நாளைக்கு’ என்றபோது சரியென்று தலையாட்டியவள் சண்முகப்பிரியாதான். அன்று மாலையே கூப்பிட்டிருந்தால் விக்கிரமங்கலத்திலிருந்து எவ்வளவு நேரமாகும்? கடவுள் ஒரு மதியத்தையும் ஒரு மாலையையும் கொடுத்திருந்தார். அதை அவர்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து நாளைக்கு என்று தள்ளிவிட்டார்கள்.

*

பத்து மணிக்கு அடுப்படியில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லையேடி.”

“யார்கிட்டயும் சொல்லலம்மா.”

“இன்னிக்கு வேணாம்டி. ஊரே வந்து நல்ல வார்த்த சொல்லிட்டு இருக்கு. அவரத் தூக்கற வரைக்கும் பொறுத்துக்க.”

“தூக்கறதுக்குள்ள சொல்லச் சொன்னாரும்மா.”

அம்மா வாய்க்கரிசிக்கு அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கத் தொடங்கினாள். சுத்தமான அரிசி. ஒரு கல்லும் அதில் இல்லை.

தெருவில் சாமியானாவுக்குக் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. அப்பா முப்பது வருஷம் விசில் ஊதிய ஆட்டங்களில் ஆடியவர்கள், பார்த்தவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள். ஒருகாலத்தில் பந்துபோல் துள்ளியவர்களுக்கெல்லாம் இப்போது தொந்தி. மொபைல் கடையில் வேலை செய்கிற சரத்குமார், முந்தின இரவு டிவியில் வந்த ஒரு வெளிநாட்டு ஆட்டத்தை போனில் ஓடவிட்டுச் சுற்றியிருந்தவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தான்.

“இத பாருங்க மாமா. பந்து எங்கயோ கெடக்குது. இவன் இங்க நின்னுட்டு முழங்கையத் தூக்கறான். இதுக்கு மஞ்சளக் காட்டிட்டுப் போறான் அந்த ரெஃப்ரி. அநியாயம்!”

“எங்கடா பட்டுச்சு? சட்ட கூட கசங்கல” என்றார் விக்கிரமங்கலத்தின் பழைய கேப்டன் அன்பழகன். இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்; எந்தக் கூட்டத்திலும் அவர் குரல்தான் முதலில் கேட்கும்.

“பட வேணாம் மாமா. ஓங்குனாலே ரெட்டு. ரூல்ல இருக்கு.”

“ஓங்குனதுக்கெல்லாம் ரெட்டுன்னா எங்க வூட்டுக்காரிய தெனம் மூணு தடவ வெளிய அனுப்பணும்டா.”

சிரிப்பு எழுந்தது. துக்க வீடு என்று நினைவு வந்ததும் ஆளாளுக்கு இருமிச் சமாளித்தார்கள்.

“பந்துக்குப் போயி காலு பட்டா அது வேற கணக்கு” என்றார் ஒரு பெரியவர். “பந்தே இல்லாத எடத்துல பட்டா வேற. நம்ம சாரு ஒரே கேள்விதான் கேப்பாரு. ‘பந்தப் பாத்தியா, ஆளப் பாத்தியா?’”

“இப்ப ரீப்ளே போட்டு நாலு பக்கமும் பாக்கறானுவ. அப்பயும் தப்பா குடுக்கறானுவ. சாருக்கு இருந்தது ரெண்டே கண்ணு. ஒரு தடவ தப்பிருக்குமா?”

“அந்தப் பொங்கல் பைனலு?”

“அதுல என்ன தப்பு? செவப்பட்டைக்குக் குடுத்தது க்ளீன் ரெட்டு.”

“டேய், மெதுவா. அங்கதான் உக்காந்திருக்கான்.”

அமாவாசை கடைசி வரிசையில் இருந்தார். வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மாலையோடு திரும்ப வந்திருந்தார். சரத்குமாருக்கு அவரை அன்றுதான் தெரியும்போல. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டேவிட்டான்.

“அண்ணே, நீங்கதானா அது? தப்பா எடுத்துக்காதீங்க. உண்மையிலயே ஒதச்சீங்களா, இல்லையா?”

ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் சண்முகப்பிரியா கேட்டுக்கொண்டு நின்றாள். அன்பழகன் டீ கிளாசுக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

“சாரு காட்டுனாரு, நான் வெளிய போனேன்” என்றார் அமாவாசை. “அவர வச்சுக்கிட்டு இன்னிக்குப் போயி இதப் பேசலாமா தம்பி? மாலையெல்லாம் வெயில்ல வாடுது பாருங்க. எடுத்து நிழல்ல வைங்க.”

“டீ ஆறுது, குடிங்கப்பா குடிங்க” என்றார் அன்பழகன்.

இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அமாவாசை. யாரும் அவரைத் தடுத்திருக்க முடியாது. படுத்திருக்கிற மனிதருக்காக அந்த ஒரு வார்த்தையை அவர் விழுங்கியதைச் சண்முகப்பிரியா பார்த்தாள். அதற்கு மேல் அவளால் ஜன்னலண்டை நிற்க முடியவில்லை. பக்கவாட்டுச் சந்தில் தண்ணீர் டிரம்மை நிரப்ப அவர் எழுந்து போனதும் அவளும் பின்கட்டு வழியாக ஓடினாள். பாதி வழியில் அத்தை சம்பூர்ணம் பிடித்துக்கொண்டாள்.

“எங்கடி போற? நீர்மாலைக்கு நேரமாச்சு. ஒன்ற மணிக்கு ராகுகாலம் புடிச்சுக்கும். வா, வா.”

அப்பாவைக் குளிப்பாட்டும் நீர்மாலைத் தண்ணீரை மகள் இல்லாமல் எடுக்க முடியாது. போனாள்.

*

மூன்று மணிக்குத் தூக்கினார்கள்.

மேளம் உச்சத்துக்கு ஏறியது. தெருமுனையில் யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். பெண்கள் ஒரே குரலாக அலறினார்கள். தெருவைப் பந்தல் அடைத்திருந்தது, சொர்க்கரத வண்டி உள்ளே வராது என்பதால் முக்குவரை தோளில்தான் கொண்டுபோக வேண்டும். பாடையின் முன்பக்கத்தில் ஒரு மூலைக்கு அமாவாசை தோள் கொடுத்திருந்தார். தலையில் துண்டு, கண் சிவந்திருந்தது.

இதுதான் கடைசி நேரம் என்று சண்முகப்பிரியாவுக்குத் தெரிந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் பாடையின் மூங்கிலைப் பிடித்தாள். அவர் காதருகே எம்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

“அண்ணே! எட்டு இல்லண்ணே! எட்டி! எட்டி!”

வெடி வெடித்தது. அமாவாசை திரும்பி அவளைப் பார்த்தார். அந்த முகம் ஒரு நொடியில் மூடிக்கொண்டதை அவள் கண்ணெதிரே கண்டாள்.

“சரிங்க” என்று அவர் உதடு அசைந்தது.

மெதுவாக, பாடை ஆடிவிடாமல், தோளை உருவிக்கொண்டார். இரண்டு எட்டு பின்னால் வைத்து, கூட்டத்தைவிட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றார். காலியான இடத்தில், “விடு, நான் புடிக்கிறேன்” என்று அன்பழகன் தோளைக் கொடுத்தார். பாடை நகர்ந்துவிட்டது.

அவர் என்ன கேட்டிருப்பார் என்பது பாடை நாலு வீடு தாண்டிய பிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது. எட்டி. எட்டிப் போ. எட்டி நில்லு. சாரின் மகள், சார் பாடையைத் தொடாதே என்று நடுத்தெருவில் கத்தியிருக்கிறாள்.

தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்காக அழுகிறாள் என்று நினைத்துப் பெண்கள் அவளைச் சூழ்ந்து கட்டிக்கொண்டார்கள்.

*

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் பின்கட்டில் மோட்டாரைப் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முதலில் குளித்து முடித்த சண்முகப்பிரியா ஈரத் தலையோடு கூடத்தில் விளக்குக்குத் திரி தூண்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நிழல் விழுந்தது.

“பாக்ஸ எடுத்துக்கலாங்களா? சிறுவாச்சூர்ல ஒரு எடத்துல கேக்கறாங்க.”

அமாவாசை படிக்குக் கீழேயே நின்றார். காலையில் உள்ளே வந்தவர் இப்போது வரவில்லை.

“உள்ள வாங்கண்ணே.”

“இல்லைங்க. ஆம்பளைங்க யாராச்சும் வந்ததும்…”

“நான் உங்கள எட்டிப் போகச் சொல்லல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சத்தியமா சொல்லலண்ணே. நீங்க உள்ள வந்தாத்தான் நான் சொல்ல முடியும். வாங்க.”

அவர் உள்ளே வந்தார். சண்முகப்பிரியா எல்லாவற்றையும் சொன்னாள். கொடி, மேளச் சத்தம், தமிழரசன் கத்தியது, அப்பா கேட்டது, டீக்கடை. நின்றபடியே சொன்னாள். அவரும் நின்றபடியே கேட்டார்.

“எட்டி” என்றார் அமாவாசை. பிறகு, “எட்டு” என்றார். இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல இன்னொரு முறை சொன்னார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றுவிட்டது.

“ஒதச்சது யாருன்னு தெரியுமாண்ணே உங்களுக்கு?”

“பக்கத்துலதானேங்க நின்னேன். கேப்டன எப்படிக் காட்டிக் குடுக்கறது? அது எனக்கு ஒன்னுமில்ல. அன்னிக்கி எங்க டீம்ல நாங்க மூணு பேருதான் பூட்ஸ் இல்லாம ஆடுனோம். மூணு பேரும் எங்க காலனித் தெரு. பதினோரு பேருல சாரு நேரா என்னத் தேடி வந்து காட்டுனாரா… காலப் பாத்துட்டுத்தான் காட்டுறாரு, பேரக் கேட்டுட்டுத்தான் காட்டுறாருன்னு நெனச்சேன். இந்த நிமிசம் வரைக்கும் அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்.”

“இல்லண்ணே. காதுல தப்பா விழுந்துருச்சு. அவ்வளவுதான்.”

“சாருக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?”

போன வருஷம்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு இனி ஆளில்லை. சண்முகப்பிரியா விளக்கைப் பார்த்தாள்.

“அன்னிக்கி சாயங்காலமே தெரிஞ்சுருச்சு. ரிப்போட் அனுப்பறதுக்கு முன்னாடியே.”

அமாவாசை அருகிலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“டீ குடிக்க வருவாருங்க எங்க ஊருக்கு” என்றார். “நான் பாத்துட்டு நிப்பேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவாரு. இன்னும் எம்மேல கோவம் தீரலன்னு நெனச்சுக்குவேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க. பஸ்ஸு ஏறி வந்தவரு, எறங்கி ஒரு வார்த்த.”

“சொல்லியிருக்கணும்” என்றாள் சண்முகப்பிரியா.

அவர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். ஒரு முனையைத் தூக்கப் போனவர் மறுமுனைக்கு ஆளில்லாமல் நின்றார். அவள் போய்ப் பிடித்தாள். “வேணாங்க, கனம்” என்றதைக் கேட்கவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். தெரு நெடுக, முக்கில் நிற்கும் வண்டிவரை, அவர் பின்னால் நடக்க அவள் முன்னால் நடந்தாள்.

“பதினாறாம் நாளு எல்லாரும் வருவாங்கண்ணே. அவங்க முன்னாடி நான் சொல்லப்போறேன்.”

“அன்பழகன் அண்ணன் பேரு வருமே?”

“அத நான் சொல்ல மாட்டேன். எட்டாம் நம்பர் ஒதைக்கலன்னு சொல்வேன். எங்கப்பா தெரிஞ்சே மறைச்சாருன்னு சொல்வேன். மிச்சம் இருக்கறத, இருக்கறவரு சொல்லட்டும்.”

அமாவாசை கயிற்றை இழுத்துக் கட்டினார். வேண்டாம் என்று சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

“சொல்லுங்க” என்றார். “எம் மவ சிவரஞ்சனி பத்தாவது படிக்கறா. ஸ்கூல்லயும் ‘செவப்பட்டை மவ’ன்னுதான் கூப்புடுதுங்க. அவளக் கூட்டியாறேன். அவளுக்குக் கேக்கற மாதிரி சத்தமா சொல்லுங்க.”

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். அவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை, அவளும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் அம்மா ஈரப் புடவையோடு நின்றிருந்தாள். தெருமுனையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சொல்லிட்டியா?”

“ம்.”

“என்ன சொன்னாரு?”

“பதினாறாம் நாளு மவளக் கூட்டிட்டு வரேன்னாரு.”

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “முன் வரிசையில உக்காத்தி வை” என்றாள்.

*

மறுநாள் காலை பால் தெளிக்கப் போன ஆண்கள் எட்டு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார்கள். வாசலில் கால் கழுவச் சண்முகப்பிரியா தண்ணீர்க் குடத்தோடு நின்றாள்.

“அக்கா, நமக்கு முன்னாடியே யாரோ வந்துட்டுப் போயிருக்காங்கக்கா” என்றான் பரணிதரன். “தலைமாட்டுலேர்ந்து கால்மாடு வரைக்கும் ஒரு எடம் விடாம பால் ஊத்தியிருக்காங்க. ஈரம்கூட காயல. நாங்க கொண்டுபோன பால எங்க ஊத்தறதுன்னே தெரியல.”

“காவக்காரரு ஆறு மணிக்கு வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சாம். ஆளப் பாக்கலங்கறாரு” என்றார் சித்தப்பா. “பங்காளியில எவனாச்சும் இருக்கும். சொல்லாம வந்து சொல்லாம போயிருக்கான்.”

படியில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள். சண்முகப்பிரியா தெருமுனையைப் பார்த்தபடி குடத்தை இறக்கி வைத்தாள்.

பரணிதரன் காலை நீட்டினான். சாம்பலும் பாலும் குழைந்து அவன் பாதத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவள் குனிந்து ஒரு சொம்பு ஊற்றினாள். அந்த வெள்ளை போகவில்லை. இன்னொரு சொம்பு மொண்டு, மெதுவாக ஊற்றினாள்.